மறுபடியும் ஜிஆர்இ எழுத வேண்டுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு அக்டோபரும் நவம்பரும் நெருக்கடியான மாதங்கள். டிசம்பர் தொடக்கத்துக்கும் ஜனவரி தொடக்கத்துக்கும் இடையில் பெரும்பாலான துறைகள் விண்ணப்பக் கதவை மூடிவிடும். அந்த நேரத்தில்தான் ஒரு கவலை பலரைப் பிடித்துக்கொள்கிறது: கையில் இருக்கும் ஜிஆர்இ நுழைவுத்தேர்வு மதிப்பெண் போதுமா, இன்னொரு முறை எழுதிப் பார்க்கலாமா? ‘எழுதினால் நஷ்டம் என்ன?’ என்று நண்பர்களும் தூண்டுவார்கள். நஷ்டம் இருக்கிறது. முனைவர் பட்ட விண்ணப்பத்தில் அது பெரிய நஷ்டம்.

விதிகளைப் பொறுத்தவரை மறுதேர்வுக்குத் தடை அதிகமில்லை. தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம், 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதங்களுக்குள் 5 முறை வரை எழுத அனுமதிக்கிறது. மதிப்பெண் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதை 2012 முதல் மாணவரே தேர்ந்தெடுக்கலாம். குறைந்த மதிப்பெண் வெளியே தெரியாது. 2023 செப்டம்பரில் தேர்வு நேரமும் பாதியாகக் குறைந்தது. முன்பு மூன்றே முக்கால் மணி நேரம் நீண்ட தேர்வு இப்போது 1 மணி 58 நிமிடங்களில் முடிகிறது. இவ்வளவு எளிதாக்கப்பட்டிருப்பதாலேயே, ‘இன்னொரு முறை’ என்ற ஆசை வலுவாகிறது.

இரண்டு மதிப்பெண்ணின் எடை

வெர்பல் (மொழித்திறன்), குவான்ட் (கணிதத்திறன்) ஆகிய இரண்டு பகுதிகளுக்கும் மதிப்பெண் 130 முதல் 170 வரை. எந்தத் தேர்வையும் போல இதிலும் அளவீட்டுப் பிழை உண்டு. அது ஏறத்தாழ இரண்டு மதிப்பெண். அதே மாணவர், அதே திறமையோடு இன்று 161 எடுக்கலாம், அடுத்த மாதம் 163 எடுக்கலாம். சிறு வித்தியாசங்களை வைத்து முடிவெடுக்கக் கூடாது, ஜிஆர்இ மதிப்பெண்ணை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவரை நிராகரிக்கக் கூடாது என்று இடிஎஸ் நிறுவனமே பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்துகிறது. தேர்வை நடத்துபவர்களே பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லும் வித்தியாசத்துக்காக இரண்டு மாத உழைப்பைக் கொட்டுவதில் என்ன நியாயம்?

இங்கே எம்.எஸ். படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். எம்.எஸ். மாணவர் பெரும்பாலும் தன் செலவில் படிக்கிறார். முனைவர் பட்ட மாணவருக்கோ பல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஐந்தாறு ஆண்டுகள் உதவித்தொகையும் தருகின்றன. அதனால் சேர்க்கைக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு கேள்விதான் முக்கியம்: விடை தெரியாத ஒரு சிக்கலோடு இவர் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுவாரா? அதற்கான பதில் பரிந்துரைக் கடிதங்களிலும் நோக்க அறிக்கையிலும் செய்து முடித்த ஆய்விலும்தான் இருக்கிறது.

‘ஒழுக்கமான மாணவி, வகுப்பில் முதலிடம், வாழ்த்துகள்’ என்று முடியும் கடிதத்தால் பயன் குறைவு. ‘கருவி காட்டிய அளவுகள் வாரக்கணக்கில் பொருந்தவில்லை, நாங்கள் மாதிரியைச் சந்தேகித்தபோது, இவர்தான் அளவுத்திருத்தத்தில் இருந்த தவறைக் கண்டுபிடித்தார்’ என்று எழுதும் கடிதம் குழுவை நிமிர்ந்து உட்கார வைக்கும். அப்படி ஒரு கடிதம் கிடைக்க, பேராசிரியரோடு சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். செய்ததை அவருக்கு நினைவூட்டிக் குறிப்பு தர வேண்டும். கடைசித் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். மறுதேர்வுக்குப் படிக்கும் மாதங்கள் இந்த வேலைக்கு உரிய மாதங்கள்.

யாருக்கு அவசியம்?

துறைகளின் போக்கும் மாறியிருக்கிறது. உயிர்மருத்துவ ஆய்வு மாணவர்களின் பிற்காலச் சாதனையை ஜிஆர்இ சரியாகக் கணிக்கவில்லை என்று வாண்டர்பில்ட், வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் தனித்தனியே எழுதினார்கள். அதையடுத்து உயிரியல் துறைகள் பல தேர்வைக் கைவிட்டன; 2020இல் கொரோனா பரவியபோது மற்ற பல துறைகளும் பின்தொடர்ந்தன. இந்த ஆய்வுகளுக்கு மறுப்பும் உண்டு: ஏற்கெனவே இடம் கிடைத்தவர்களை மட்டும் பார்த்தால் தேர்வின் பலன் குறைவாகத்தான் தெரியும் என்பது நியாயமான வாதம். பொருளாதாரத் துறைகள் பல இன்றும் ஜிஆர்இ கேட்கின்றன. குவான்ட் மதிப்பெண்ணைக் கூர்ந்தும் பார்க்கின்றன.

ஆகவே, மூன்று சூழல்களில் மறுதேர்வு நியாயமானது. ஒன்று, விண்ணப்பிக்கும் துறை அறிவித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கோ சராசரிக்கோ மிகவும் கீழே இருப்பது. இரண்டு, இடிஎஸ் இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து ஐந்தாறு மதிப்பெண் கூடுதலாக எடுத்தவர், உடல்நலக் குறைவு போன்ற காரணத்தால் தேர்வு நாளில் சறுக்கியது. மூன்று, துறை மாறுவது. வரலாறு படித்துவிட்டுப் பொருளாதாரத்துக்குப் போகிறவருக்குத் தன் கணிதத் திறனைக் காட்ட வேறு சான்று இருக்காது. இந்த மூவரும் செப்டம்பருக்குள் எழுதி முடித்துவிடுவது நல்லது. அக்டோபர் 20 அன்று முதல் தேர்வு எழுதினால், அடுத்தது நவம்பர் 10க்கு முன் முடியாது. அதிகாரபூர்வ மதிப்பெண் வர மேலும் பத்து நாள் ஆகும். டிசம்பர் 1 கடைசித் தேதி என்றால் மூச்சுவிட நேரமிருக்காது.

பல்கலைக்கழகங்களின் பொறுப்பு

முடிவெடுக்கும் சுமை முழுவதையும் மாணவர் தலையில் ஏற்றுவதும் சரியல்ல. இந்தியாவில் ஒருமுறை எழுதவே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். வறுமையைக் கருதித் தரப்படும் கட்டணச் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு நிரந்தரமாக வசிப்போருக்கும் உரியது. குறைந்த மதிப்பெண்ணை மறைத்துச் சிறந்ததை மட்டும் அனுப்பும் வசதி, மூன்று முறை பணம் கட்ட முடிந்தவருக்கே முழுமையாகப் பயன்படுகிறது. ஒரே முறை எழுதிய ஏழை மாணவரின் 160க்குப் பக்கத்தில் நான்காவது முயற்சியில் வந்த 164ஐ வைத்தால், யார் எத்தனை முறை எழுதினார் என்ற வேறுபாடு குழுவுக்குத் தெரியாது.

‘ஜிஆர்இ கட்டாயமில்லை, விரும்பினால் அனுப்பலாம்’ என்ற அறிவிப்பு இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. அனுப்பாவிட்டால் மறைப்பதாக நினைப்பார்களோ என்று பயந்து மாணவர்கள் பணத்தைக் கட்டுகிறார்கள். மதிப்பெண் வேண்டும் என்றால் எந்த அளவு போதும் என்று துறைகள் சொல்லட்டும்; வேண்டாம் என்றால் வாங்கவே வேண்டாம்.

நம் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே மாணவர்களை ஆய்வகத்துக்கும் களத்துக்கும் அழைத்து, உண்மையான ஆய்வு வேலையில் ஈடுபடுத்தும் ஒரு பேராசிரியர், பத்து மதிப்பெண் கூடுவதைவிடப் பெரிய உதவி செய்கிறார். அந்த வாய்ப்பு கிடைத்த மாணவர், 163ஐ 165 ஆக்குவதற்காக நவம்பரை இழக்கத் தேவையில்லை.