ஆசீர்வாதமும் ஒரு சாதிக் கேள்விதான்

‘ஆசீர்வாதம்’ என்ற சொல்லைக் கேட்டாலே முற்போக்கு நண்பர்கள் பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். அது போதகர்களின் சரக்கு, நமக்கென்ன வேலை என்பது அவர்கள் எண்ணம். தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, தமிழகத் திருச்சபைகளில் நிலவும் சாதியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் எனக்கு, அந்தச் சொல்லை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

இன்று அந்தச் சொல் என்ன பொருளில் புழங்குகிறது? புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கையில் திணிக்கப்படும் வாக்குத்தத்த அட்டை தொடங்கி, சாட்சி சொல்லும் நேரம் வரை கவனியுங்கள். சொந்த வீடு, கார், வெளிநாட்டு வேலை. தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும் என்ற போதனை. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. வாடகை வீட்டில் கிடப்பவருக்கு விசுவாசம் போதவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைக்காத வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது. முற்பிறவி வினை என்று சொன்ன இடத்தில் இப்போது விசுவாசக் குறைவு என்கிறார்கள். கர்மக் கோட்பாடுதான் ஞானஸ்நானம் பெற்று உள்ளே வந்திருக்கிறது. நிலம் யாரிடம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்ற கேள்வியை இரண்டுமே எழவிடுவதில்லை.

வேதாகமமோ வேறு கதை சொல்கிறது. துன்பப்படுகிறவன் பாவம் செய்திருக்க வேண்டும் என்று யோபுவிடம் வாதிட்ட நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கண்டிக்கிறார். லூக்காவின் 6ஆம் அதிகாரத்தில் ஏழைகளைப் பாக்கியவான்கள் என்ற இயேசு, சில வரிகளிலேயே செல்வந்தர்களுக்கு ஐயோ என்கிறார். எனக்குப் பிடித்தது ஆதியாகமம் 48ஆம் அதிகாரம். முதிய யாக்கோபு பேரன்மார் இருவரையும் ஆசீர்வதிக்க வேண்டும். மூத்தவன் மனாசேயை வலக்கைப் பக்கமாக நிறுத்துகிறார் யோசேப்பு. கிழவரோ கைகளைக் குறுக்காக நீட்டி, வலக்கையை இளையவன் எப்பிராயீமின் தலையில் வைக்கிறார். யோசேப்பு அந்தக் கையை மாற்றப் பார்க்கிறார், கிழவர் மறுத்துவிடுகிறார். பிறப்பின் வரிசையை ஆசீர்வாதம் மதிக்கவில்லை.

தலையில் கை வைப்பது என்பது தொடுவது. நிழல்கூடப் படக்கூடாது என்று தள்ளி நிறுத்தப்பட்ட மக்களின் தலையில் ஒரு கை தயங்காமல் படிந்தது என்பதன் கனத்தை, தீண்டாமையை அறியாதவர்கள் உணர்வது கடினம். சேரிகள் திருச்சபையை நோக்கித் திரும்பியதைப் பாலுக்கும் கோதுமைக்கும் விலைபோனதாகப் பேசுகிறவர்கள் இந்த மரியாதையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் திருச்சபையே அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்தது. சாதி வேறுபாடுகளைக் கைவிட வேண்டும் என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் தனித்தனியே அமர்வதற்காக, இரண்டு கால்களாகப் பிரிந்த ஒரு கோயிலே கட்டப்பட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்து நின்றது ஒரு சுவர்.

அரசும் தன் பங்கைச் செய்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. பிறகு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு திறக்கவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்த சூசை, மற்றத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985இல் அவர் மனு தள்ளுபடியானது. என் சான்றிதழிலும் ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்றுதான் இருக்கிறது. ஊர்த்தெருவில் என்னைப் பார்க்கும் பார்வை சான்றிதழைப் பார்த்து மாறுவதில்லை.

நீதிமன்றம் கேட்ட சான்று திருச்சபையின் கையிலேயே இருக்கிறது. “எங்களுக்குள் சாதி இல்லை” என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கிக்கும் ஒவ்வொரு போதகரும் அதை மறைக்கிறார். “அரசாங்கச் சலுகை எதற்கு, ஆண்டவரின் ஆசீர்வாதம் போதும்” என்ற பேச்சு இட ஒதுக்கீட்டு உரிமையைத் தட்டிப் பறிப்பவர்களுக்கே உதவுகிறது.

திருவிருந்துக் கிண்ணத்தை ஆசீர்வாதத்தின் பாத்திரம் என்கிறார் பவுல். அடுத்த அதிகாரத்திலேயே, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்ன, ஏழைகள் பசியோடு நின்ற கொரிந்து சபையைக் கடுமையாகச் சாடுகிறார். ஆகவே ஆசீர்வாதம் என்பது பகிர்வு. பங்குப் பேரவையில் யார் உட்காருகிறார்கள், திருச்சபை நடத்தும் கல்லூரிகளில் வேலை யாருக்குப் போகிறது, கல்லறையில் யாருக்கு எந்த இடம்? இந்தக் கணக்கைக் கேட்பதும் விசுவாசம்தான்.

சபைக்குள் இதைக் கேட்கும் இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள். மதம் என்று ஒதுங்கும் தோழர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: உங்கள் நாத்திகத்தை விட வேண்டாம், அவர்களோடு அந்தச் சுவருக்கு எதிராக வந்து நில்லுங்கள்.