மோட்டாருக்கு 10 ஆண்டு, போர்டுக்கு?

பழைய வாஷிங் மெஷின் இனித் தேறாது என்று மெக்கானிக் கைவிரித்த பிறகு கடைக்குப் போனால், வசதிகளின் பட்டியல்தான் முதலில் வரவேற்கும். துணியின் எடையைத் தானே அறியும், கைபேசியிலிருந்தே இயக்கலாம், நீராவியால் கிருமி போக்கும் என்று அது நீளும். அதில் பெரிய எழுத்தில் 'மோட்டாருக்கு 10 ஆண்டு உத்தரவாதம்' என்றிருக்கும். அந்த வரியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். முழு மெஷினுக்குமான உத்தரவாதம் பெரும்பாலும் 2 ஆண்டோடு முடிந்துவிடுகிறது. மோட்டாரோ எளிதில் கெடாத பாகம். எலக்ட்ரானிக் போர்டு, தண்ணீர் உள்ளே வரும் வால்வு, வெளியேற்றும் பம்ப், கதவு லாக் ஆகியவைதான் மெக்கானிக்கைக் கூப்பிட வைக்கின்றன. அவற்றுக்கு நீண்ட உத்தரவாதம் இல்லை. ஆகவே, மாற்று மெஷின் வாங்குகிறவர் அது என்னென்ன செய்யும் என்று கேட்பதற்கு முன், கெட்டுப்போனால் யார், என்ன செலவில், எத்தனை நாளில் சரிசெய்வார் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

இந்தக் கேள்விக்கு எளிய மெஷின்களே நல்ல பதில் தருகின்றன. செமி ஆட்டோமேட்டிக்கின் பின்மூடியைக் கழற்றினால், துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், கெபாசிட்டர், ஒரு பெல்ட், மூடியைத் திறந்ததும் சுழற்சியை நிறுத்தும் பிரேக் கம்பி என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும். பெல்ட்டோ கெபாசிட்டரோ போனால் சின்ன ஊரிலும் மாற்றிவிடலாம். போர்டின் கதை வேறு. ஈரம் புகாமலிருக்கப் பல மாடல்களில் அதன்மேல் பிசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். உள்ளே ஒரு சிறிய ரிலே பழுதானாலும் முழு போர்டையும் மாற்ற வேண்டியதுதான். அந்த மாடலின் உற்பத்தி நின்றுபோயிருந்தால் போர்டைத் தேடி அலைய வேண்டும். அடிப்பக்கத் திறப்பில் நுழைந்து வயரைக் கடிக்கும் எலி, போர்டில் ஏறி ஷார்ட் ஆக்கும் பல்லி ஆகியவை எந்த விளம்பரத்தின் கணக்கிலும் வருவதில்லை. நம் வீடுகளில் அவையும் உண்டு.

தண்ணீரும் ஒரு காரணம். போர்வெல் தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்த ஊர்கள் தமிழகத்தில் ஏராளம். அந்தத் தண்ணீர் சூடாகும்போது உப்பு ஹீட்டரின் மேல் பொருக்காகப் படிகிறது. ஃப்ரன்ட் லோடு மெஷின்களில் பெரும்பாலும் ஹீட்டர் இருக்கும். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றச் சுமார் அரை யூனிட் மின்சாரம் தேவை. 350 வாட் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால்கூடப் பத்தில் ஒரு யூனிட்டை எட்டாது. அன்றாட அழுக்குக்கு, வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே போதும். அந்தத் தொட்டி குழாயைவிட 3 மீட்டர் மட்டுமே உயரத்தில் இருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 0.3 பார்தான். மேல்தளத்து வீடுகளில் அதுவும் கிடைக்காமல், தண்ணீர் நிரம்பவில்லை என்று மெஷின் எரர் காட்டி நிற்கிறது. வாளியில் ஊற்றினாலும் செமி ஆட்டோமேட்டிக் ஓடும்.

ஃப்ரன்ட் லோடு குறைந்த தண்ணீரில் துவைக்கும், நன்றாகப் பிழியும் என்பது உண்மை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்ககவாசிக்கு அது பெரிய லாபம். அவர்கள் அதையே வாங்கட்டும். அந்த வகைக்குள் வைஃபை, நீராவி இல்லாத சாதாரண மாடலைத் தேர்ந்தெடுக்கலாம். செமி ஆட்டோமேட்டிக்கிலும் சிக்கனத்துக்கு வழியுண்டு. வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே கலர்த் துணியையும் பிறகு கால்மிதியையும் போடுவது பல வீடுகளில் வழக்கம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. செமி ஆட்டோமேட்டிக் என்றால் ஒருவர் பக்கத்திலேயே நின்று தண்ணீர் விட்டு, அலசி, ஈரத்துணியை அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும். அந்த ஒருவர் அநேகமாக வீட்டுப் பெண்தான். எளிமை என்ற பெயரில் அவர் தலையில் வேலையைக் கட்டுவது நியாயமில்லை. எளிமையின் அளவுகோல் பாகங்களும் பழுதுகளும் குறைவாக இருப்பது. உழைப்பைக் கூட்டுவது அதில் சேராது. நேரமில்லாத வீட்டுக்கு, ஹீட்டர் இல்லாத சாதாரண டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் பொருத்தமானது. அதிலும் போர்டு உண்டு. ஆனால், கைவேலையை மிச்சப்படுத்தும் போர்டுக்குப் பணம் தருவதில் பொருளிருக்கிறது. துவைத்து முடித்ததைக் கைபேசியில் அறிவிக்கும் வசதியால் எந்த வேலையும் குறைவதில்லை, மெஷினை அந்த வசதியோடு வாங்கினாலும் துணியைக் கொடியில் உலர்த்த ஒருவர் எழுந்துதான் போக வேண்டும்.

எல்லாச் சுமையையும் வாங்குபவர்மீதே ஏற்றுவதும் சரியல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்து 10 ஆண்டுகள்வரை முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்வது நிறுவனங்களின் சட்டக் கடமை. கேட்ட 15 வேலை நாட்களுக்குள் அவற்றை அனுப்பவும் வேண்டும். பிரான்ஸில் அதே ஆண்டு முதல் ஃப்ரன்ட் லோடு மெஷின்கள் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணோடு விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கெனக் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. தகவல் தருவதோடு நின்றுவிடாமல், உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும், போர்டின் விலை என்ன என்பதை மெஷினின் மேலேயே அச்சிடும்படி அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை இவ்விரண்டையும் கடையில் கேட்டு, பில்லிலேயே எழுதித் தரச் சொல்லலாம். எழுதித் தரத் தயங்கும் கடையில் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் வாங்க வேண்டியதில்லை.