மேடை ஏறாத தலைவர்

2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது, பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் சிம்பொனி பற்றிப் பேசினோம். வரிசை வரிசையாக வயலின்கள், பின்னால் ஊதுகருவிகள், நடுவில் குச்சி பிடித்த கண்டக்டர் என எல்லாவற்றையும் வியந்து பார்த்தோம். சரி, இப்படியொரு கூட்டத்தை வருடம் முழுவதும் கட்டி மேய்ப்பது யார்?

கண்டக்டர் என்று சொன்னால் பாதி மதிப்பெண்தான். இசைக்கு அவர் பொறுப்பு. சம்பளம், நன்கொடை, அரங்கம், டிக்கெட், வெளியூர்ப் பயணம், சண்டை, சமாதானம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு வேறொருவர். அவர்தான் சி.இ.ஓ. என்கிற தலைமை நிர்வாகி. அவர் மேடை ஏறமாட்டார், கைதட்டலும் வாங்கமாட்டார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பதில் கோட்டைவிட்டால் மேடையே இருக்காது.

ஆள் கிடைப்பதும் லேசில்லை. 1842-ல் பிறந்த நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2023 ஜூலையில் பொறுப்பேற்ற தலைமை நிர்வாகி, அடுத்த ஜூலையிலேயே விலகிவிட்டார். பெயரும் புகழும் உள்ள இடத்துக்கே இந்தக் கதி!

ஏன் இவ்வளவு சிரமம்? அடிப்படையில் இருப்பது ஒரு கணக்கு. பீத்தோவனின் சிம்பொனிக்கு இருநூறு வருடங்களுக்கு முன் எத்தனை பேர் வேண்டுமோ, இன்றும் கிட்டத்தட்ட அத்தனை பேர் வேண்டும். தொழிற்சாலையில் மெஷின் வந்து பத்து பேர் வேலையைச் செய்யும். இங்கே அது நடக்காது. அரைமணி நேரப் பாட்டைப் பத்து நிமிடத்தில் வாசித்து முடிக்கவும் முடியாது. சம்பளமோ மற்ற தொழில்களைப் போலவே ஏறிக்கொண்டு போகும். 1966-லேயே பாமோல், போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதைப் புத்தகமாக எழுதிவிட்டார்கள். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் டிக்கெட் பணம் பொதுவாகப் பாதிச் செலவுக்குக்கூடக் காணாது. மீதியை நன்கொடையாளர்களிடம் போய் நின்றுதான் கொண்டுவர வேண்டும்.

அப்படியானால் கணக்கில் புலியாக ஒருவரைப் பிடித்துப்போட்டால் போதுமே என்று தோன்றும். போதாது என்பதற்கு மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவின் கதை சாட்சி.

மினியாபொலிஸ் நகரில் 1903-ல் தொடங்கிய இசைக்குழு அது. பின்லாந்துக்காரரான ஓஸ்மோ வான்ஸ்காவின் இசைத் தலைமையில் உலகத் தரத்துக்கு வந்திருந்தது. 2012-ல் பற்றாக்குறையைக் காட்டி, கலைஞர்களின் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெட்ட நிர்வாகம் முன்வந்தது. அதே சமயம் அரங்கத்தைப் புதுப்பிக்க சுமார் 5 கோடி டாலரில் வேலை நடந்துகொண்டிருந்தது. 'கட்டடத்துக்குப் பணம் இருக்கிறது, எங்களுக்கு இல்லையா?' என்று வாசிப்பவர்களுக்கு வயிறு எரியாதா?

பேச்சு முறிந்தது. 2012 அக்டோபர் 1 அன்று கதவடைப்பு. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பதினாறு மாதம்! சம்பளம் இல்லை. சிலர் வேறு ஊர் ஆர்கெஸ்ட்ராக்களுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் தாங்களே இடம் பிடித்துக் கச்சேரி நடத்தினார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து வான்ஸ்காவும் ராஜினாமா செய்தார். அவருடைய விடைபெறும் கச்சேரியில் கடைசியாக சிபேலியஸின் சோகமான வால்ட்ஸ் ஒன்றை வாசித்தார்கள். முடிந்ததும் கைதட்ட வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அரங்கம் நிறைந்த ஜனம் சத்தமில்லாமல் எழுந்து போயிற்று. சாவு வீட்டிலிருந்து திரும்புவதுபோல.

2014 ஜனவரியில் உடன்பாடு வந்தது. முதல் வருடம் 15 சதவீத வெட்டுக்குக் கலைஞர்கள் சம்மதித்தார்கள். வான்ஸ்காவும் திரும்பி வந்தார். பழைய தலைமை நிர்வாகி அந்த ஆண்டு ஆகஸ்டோடு விலகினார்.

இப்போது யாரைக் கொண்டுவருவது? அதே ஊரில் மினசோட்டா ஓபராவைப் பல வருடம் நடத்தி ஓய்வு பெற்றிருந்த கெவின் ஸ்மித்தை முதலில் தற்காலிகமாக அழைத்தார்கள். ஊரை அறிந்தவர், நன்கொடையாளர்களை அறிந்தவர், கலைஞர்களோடு பழகத் தெரிந்தவர். அவர் காலத்தில் கலைஞர்களையும் கூடவே உட்காரவைத்து முடிவெடுக்கும் பழக்கம் வளர்ந்தது.

2014 டிசம்பரில் அமெரிக்காவும் கியூபாவும் உறவைப் புதுப்பிக்கப்போவதாக அறிவித்தன. அடுத்த மே மாதமே மினசோட்டா குழு ஹவானா மேடையில் பீத்தோவன் வாசித்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகு கியூபா போன முதல் பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ரா அதுதான். இத்தனை பேர், இத்தனை கருவிகள், விமானம், அனுமதி எல்லாவற்றையும் சில மாதங்களில் முடிப்பதென்றால், ஒருவரை ஒருவர் நம்பாத கூட்டத்தால் ஆகிற காரியமா? ஒன்றரை வருடத்துக்கு முன்னால் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இவர்கள்.

அதற்காகப் பணக் கவலை அடியோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது எந்த ஆர்கெஸ்ட்ராவுக்கும் தீராது. ஆனால் நம்பிக்கை இருந்தால் இல்லாமையைக்கூடப் பகிர்ந்துகொள்ளலாம். அது இல்லாவிட்டால், சரியான கணக்கைக் காட்டினாலும் பொய்க்கணக்காகத்தான் தெரியும்.

நம்மில் யாரும் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்கப்போவதில்லை. ஆனால் பள்ளிக்குத் தலைமையாசிரியர், குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் என்று யாரையாவது தேர்ந்தெடுக்கும் இடத்தில் நாமும் உட்காருவோம். படிப்பு, அனுபவம், சாமர்த்தியம் எல்லாம் விசாரிப்போம். கூடவே, அவருக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பேரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "கஷ்டம் வந்தப்போ, உங்ககிட்ட வந்து உண்மையைச் சொன்னாரா?"

பதில் சொல்லுமுன் அவர்கள் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.