காய்ச்சல் வருமுன் கூட வேண்டிய பெற்றோர் கூட்டம்

பருவமழைக்கு முன்னர் பாடசாலைகளுக்கு ஒரு சுற்றுநிருபம் வருவது வழக்கம். வளாகத்தைத் துப்புரவு செய்யுங்கள், நீர் தேங்கும் பொருட்களை அகற்றுங்கள், செய்ததைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று அதில் இருக்கும். நாமும் செய்கிறோம். பிள்ளைகள் யோகட் கோப்பைகளையும் சிரட்டைகளையும் பொறுக்குகிறார்கள். படங்கள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்ச் சேருகின்றன. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்றிரவு காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை அதன் உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ நாம் சொல்லியிருக்கிறோமா? பெரும்பாலும் இல்லை.

மாத்தளை மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தள்ளிப் போட முடியாது. 2008ஆம் ஆண்டு நாட்டில் எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவியது. 7,000க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. இன்று தரம் 6இல் படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை. அவர்களது பெற்றோரில் பலருக்கும் அது மறந்துபோன கதை.

எலிக்காய்ச்சல் மருந்தில்லாத நோயல்ல. எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள பக்டீரியா, கை கால்களில் உள்ள சிறு காயங்கள் வழியாக உடலுக்குள் செல்கிறது. வயலில் இறங்குவோருக்கு முற்காப்பாக டொக்சிசைக்ளின் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக இலவசமாகப் பெறலாம். நேரத்தோடு வைத்தியசாலைக்குச் சென்றால் குணப்படுத்தலாம். கெண்டைக்கால் வலியோடு வந்த காய்ச்சலைச் சாதாரணக் களைப்பு என்று நினைத்து வீட்டில் படுத்திருப்பவருக்குத்தான் சிறுநீரகம் வரை பாதிப்பு ஏற்படுகிறது. வயலில் இறங்குபவர் வாப்பாவாக இருக்கலாம். ஆனால் காய்ச்சலை வீட்டில் முதலில் காண்பது உம்மாவும் பிள்ளைகளும்தான். "இவர் வயலில் வேலை செய்தவர்" என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தால், அந்த ஒரு வசனமே சிகிச்சையை விரைவுபடுத்தும்.

டெங்கும் அப்படித்தான். 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். நுளம்பை ஒழிக்க வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் மனப்பாடம். காய்ச்சல் இறங்கும் நேரமே அதிக கவனம் தேவைப்படும் நேரம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பரசிட்டமோல் தவிர புரூபன், அஸ்பிரின் போன்ற மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்பதும், கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் என்பதும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

தகவலை விடப் பெரிய பிரச்சினை ஒன்றும் உண்டு. அது நம்பிக்கை.

கொவிட் காலத்தை எமது சமூகம் மறக்காது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஜனாஸாக்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த அநீதி தொடர்ந்தது. பின்னர் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மாத்திரம் அடக்க அனுமதி கிடைத்தது. அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்தான். அந்த நாட்களில் வருத்தத்தை மறைத்து வைத்த, பரிசோதனைக்கு முன்வர அஞ்சிய குடும்பங்கள் எமது ஊர்களில் இருந்தன. அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் நோயை மறைப்பதால் முதலில் பாதிக்கப்படுவது அதே வீட்டில் இருக்கும் முதியவர்கள் என்பதும் உண்மை.

அந்தக் காயத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும்போது, சம்மதப் படிவத்தில் கையொப்பமிடச் சில பெற்றோர் தயங்குவதை ஆசிரியர் என்ற வகையில் கண்டிருக்கிறேன். வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவு அவர்களுக்குப் போதுமாக இருக்கிறது. தவறு அவர்களிடம் மட்டுமா? ஊசி போடுவதற்கு முதல் நாள் ஒரு தாளைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பிவிட்டு, விளக்கம் சொல்ல யாரும் இல்லாத இடத்தில் வதந்திதான் விளக்கமாகிறது.

ஆகவே நோய் இல்லாத காலத்தில்தான் பெற்றோரைக் கூட்ட வேண்டும். பெரும்போகத்துக்கு வயல்கள் தயாராகுமுன், செப்டெம்பர் முடிவதற்குள், ஒவ்வொரு பாடசாலையும் சுகாதாரத்துக்கென்றே ஒரு பெற்றோர் கூட்டத்தை நடத்தலாம். பிரதேசத்தின் பொது சுகாதாரப் பரிசோதகரையும் குடும்ப நல உத்தியோகத்தரையும் அழைத்து, தமிழில் கேள்வி கேட்க இடம் கொடுக்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்க்க ஆசிரியர்கள் இருக்கிறோம். கூலி வேலைக்குச் செல்வோருக்கு ஏற்றவாறு நேரம் மாலையாக இருக்கட்டும்.

அத்துடன் தொலைபேசி இலக்கங்களைப் புதுப்பிக்க வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் திடீரென மூடப்பட்டபோது, எமது வரவுப் பதிவேட்டில் இருந்த இலக்கங்களில் பல செயலிழந்திருந்தன. சில, வளைகுடாவில் இருக்கும் தந்தையின் பழைய இலக்கங்கள். உம்மம்மாவிடம் வளரும் பிள்ளைக்கு உம்மம்மாவின் இலக்கமே வேண்டும். ஸ்மார்ட் கைபேசி இல்லாத வீட்டுக்குச் செய்தி கொண்டுபோகும் அயலவர் யார் என்பதும் வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றைச் சொன்னால் சக ஆசிரியர்கள் கோபிக்கலாம். ஒரு நாளும் விடுமுறை எடுக்காத பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் பரிசு கொடுக்கிறோம். காய்ச்சலோடும் சின்னமுத்தோடும் வகுப்புக்கு வா என்றுதான் அந்தப் பரிசு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. நோயுற்ற பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர், பாடம் தவறுமே என்று பயப்படாத நிலையை நாம்தான் உருவாக்க வேண்டும். தவறிய பாடக் குறிப்பை நண்பர் மூலம் அனுப்புவது பெரிய வேலையல்ல.

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் இதில் பங்குண்டு. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்வதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நாம் அறிவோம். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் செல்லும் வழியில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு, தோழர்களிடம் ஆலோசனை கலந்த பின்னர் திரும்பினார்கள். செய்தி, ஆலோசனை, முடிவு என்ற அந்த ஒழுங்கு எமக்கு அந்நியமானதல்ல. பாடசாலைக் கூட்டத்தின் அறிவித்தல் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஒலித்தால், வராத பெற்றோரும் வருவார்கள்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு மாலை நேரம், ஒரு மண்டபம், திருத்தப்பட்ட ஒரு பெயர்ப்பட்டியல் போதும். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் ஒருவர் எழுந்து, "எங்கள் பாடசாலையில் இது எப்போது?" என்று அதிபரிடம் கேட்கட்டும். அங்கிருந்து தொடங்கலாம்.