கிராமத்துக் காத்து ரத்தம் டெஸ்ட் பண்ணாதுங்க

"ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, அப்புறம் என்னங்க? நல்ல காத்து, கலப்படமில்லாத சாப்பாடு. அக்கா சீக்கிரம் தேறிருவாங்க."

தோட்டத்துக்கு வர்ற பட்டணத்து நண்பர்கள் எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அன்பாத்தான் சொல்றீங்க. எனக்குக் கோபம்தான் வருது.

என் வீட்டம்மாவுக்கு வால்வு கெட்டதே இந்த நல்ல காத்துலதான். சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல். அப்புறம் மூட்டு மாத்தி மூட்டு வீக்கம். வளர்ற புள்ளைக்கு வர்ற வலின்னு எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்காங்க. அது ருமாட்டிக் காய்ச்சல். அன்னைக்கே கண்டுபிடிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசின்னு வருசக்கணக்குல போட்டிருந்தா வால்வு தப்பிச்சிருக்கலாம்.

இப்ப நெஞ்சுக்குள்ள உலோக வால்வு. எலும்பு கூடற வரைக்கும் குடம் தூக்காதேன்னாங்க, அந்த மூணு மாசம் ஓடிப்போச்சு. ஓடாதது மாத்திரை. ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் சாப்பிடணும். ஐ.என்.ஆர். 2.5-லிருந்து 3.5-க்குள்ள நிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். குறைஞ்சா வால்வுல ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம். கூடினா உள்ளுக்குள்ள ரத்தக்கசிவு.

நீங்க புகழ்ற சாப்பாடே இதுல வம்பு. கீரை ஆகாதுன்னு இல்லை, ஒரே அளவா சாப்பிடணும். மழை பெஞ்சு முருங்கை தழைஞ்சா வாரம் பூரா கீரை, காய்ஞ்சா ஒரு இணுக்கு கிடையாதுங்கறதுதானே எங்க சமையல்? மெடிக்கல்ல கேட்டு வாங்கற மூட்டுவலி மாத்திரை, பேர் தெரியாத சூரணம் எல்லாமே கணக்கைக் கெடுக்கும். "நாட்டு மருந்துதானே"ன்னு வாட்ஸ்அப்புல அனுப்பறவங்க கொஞ்சம் கையை அடக்குங்க.

ரத்தம் பார்க்க ரெண்டு பஸ் மாறணும். எனக்கு ஒரு நாள் வேலை போச்சுன்னா தோட்டம் கிடக்கும். கூலிக்குப் போறவங்க அன்னைக்குச் சம்பளத்தை விட்டுட்டு எத்தனை மாசம் போவாங்க? அப்படித்தான் டெஸ்ட் விட்டுப்போகுது.

சர்க்கரை பார்க்கிற மாதிரியே விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கிற கருவி இருக்கு. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரையெல்லாம் வாசலுக்கே வருது. நல்ல திட்டம், எங்க அம்மாவே வாங்கறாங்க. அந்தக் கருவி ஒண்ணை எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல வெச்சா என்ன? "எத்தனை பேருக்குங்க அது தேவைப்படப் போகுது?"ன்னு ஒருத்தர் கேட்டார். ஆபரேஷனுக்குக் காப்பீட்டுல பணம் கட்டினப்ப யாரும் தலையை எண்ணலையே.

போன வாரம் பார்த்தப்ப 2.1. மாத்திரையைக் கூட்டியிருக்காங்க. செவ்வாய்க்கிழமை மறுபடி போகணும், முதல் பஸ் ஆறே காலுக்கு.