கமரா சொல்லுமுன் நாம் சொல்லலாமா?



பதுளைச் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். கணவரின் புடவைக்கடையில், காசு லாச்சியில் 20,000 ரூபா குறைந்துவிட்டது. கடையில் வேலை செய்பவள் பசறைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. கமராப் பதிவைப் பென் டிரைவில் எடுத்து வந்தார்கள். வீட்டுக் கம்பியூட்டரில் அது ஓடவில்லை. "அவளைத் தவிர வேறு யார்?" என்றார் மாமியார். மறுநாளே பிள்ளையின் வேலை போயிற்று.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா அல்-ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. இங்கோ செய்திகூட வரவில்லை, வெறும் சந்தேகம்தான். பதிவு ஓடாதது அந்தப் பிள்ளையின் குற்றமா?

அது ஏன் ஓடவில்லை? பல ரெக்கோடர்கள் பதிவைத் தமக்கே உரிய முறையில் கட்டித் தருகின்றன. டாஹுவா பெட்டிகள் தரும் 'டி.ஏ.வி' கோப்பு அப்படிப்பட்டது. 2013இல் வந்த எச்.265 என்ற சுருக்கும் முறையில் பதிந்திருந்தாலும் சில கம்பியூட்டர்களில் படம் தெரியாது. கோப்பின் பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது.

செய்ய வேண்டியவை இவை. பிரதி எடுக்கும்போது எம்.பி.4 என்று தெரிவு செய்ய வழியுண்டா எனப் பாருங்கள். சில பெட்டிகள் படம் பார்க்கும் பிளேயரையும் சேர்த்தே பென் டிரைவில் போட்டுத் தரும். அதைக் கொண்டு திறவுங்கள். இல்லையேல் வி.எல்.சி என்ற இலவசப் பிளேயரில் முயலுங்கள். அதிலும் சரிவராவிட்டால், ரெக்கோடர் கம்பனியின் பிளேயரைப் பயன்படுத்துங்கள். எதுவும் கைகூடாவிட்டால், கடைக்கே போய் ரெக்கோடரின் திரையில் பாருங்கள்.

தாமதம் மட்டும் வேண்டாம். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது பதியும்படிதான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். ரெக்கோடரின் மணியையும் உங்கள் கைபேசியின் மணியையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். பிழையான மணி, கடையில் இல்லாதவரையும் இருந்தவராகக் காட்டிவிடும்.

முதற் பிரதியில் கை வைக்காதீர்கள். வெட்டுவதும் மாற்றுவதும் இன்னொரு பிரதியில் இருக்கட்டும். பொலிஸ் வரை போக நேர்ந்தால் அதுவே பெறுமதியானது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இத்தகைய பதிவுகளை நீதிமன்றம் ஏற்க வழி செய்கிறது.

இன்னொன்று, சகோதரிகளே. அதை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கடைக்கு வந்த பெண்களும் அதில் இருக்கிறார்கள். அதே சூராவின் 12ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும், பிறர் குறையைத் துருவுவதையும், புறம் பேசுவதையும் ஒன்றாகவே தடுக்கிறது. தேவையான நேரத்தை மட்டும், தேவையானவர் மட்டும் பாருங்கள்.

சென்ற மாதம் அந்தச் சகோதரியின் இரண்டாவது கடிதம் வந்தது. கம்பனியின் பிளேயரில் பதிவு திறந்ததாம். லாச்சியைத் திறந்தவர் கணவரின் தம்பி. சரக்கு கொண்டுவந்தவருக்குக் காசு கொடுத்துவிட்டு, சொல்ல மறந்துவிட்டார். சகோதரியும் மாமியாரும் தோட்டத்து லயத்துக்கே போய், பிள்ளையின் தாய் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார்களாம். பிள்ளை மன்னித்துவிட்டாள், ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை.

காசின் கணக்கு சரியாகிவிட்டது. அந்தப் பிள்ளை லயத்தில் தலைகுனிந்திருந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது? அவசரப்பட்டுப் பழி சொல்லும் நாவிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.