கூண்டுக்கும் ஒரு கதவு உண்டு

(பத்தாம் வகுப்பு மாணவி, காலாப்பட்டு)



எங்கள் ஊராகிய காலாப்பட்டில் இரண்டு நீண்ட மதில்கள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகத்தின் மதில். மற்றொன்று மத்திய சிறைச்சாலையின் மதில். முதல் மதிலுக்குள் நுழைய நாம் எல்லாரும் ஆசைப்படுகிறோம். இரண்டாவது மதிலைக் கடக்கும்போது நம்மை அறியாமலேயே நடையை எட்டிப் போடுகிறோம். சிறை என்பது குற்றம் செய்தவர்க்குரிய இடம் என்பது நம் எண்ணம். ஆனால், ஒரு குற்றமும் செய்யாத கைதி ஒன்றை நான் நாள்தோறும் பார்க்கிறேன். என் மாமா வீட்டுத் திண்ணையில் தொங்கும் கூண்டில் இருக்கும் கவுதாரிதான் அந்தக் கைதி.

விடியற்காலையில் அது குரல் கொடுக்கும். முந்திரி மரங்களும் முட்புதர்களும் உள்ள செம்மண் மேட்டிலிருந்து வேறொரு கவுதாரி பதில் குரல் கொடுக்கும். உடனே இது கூண்டின் ஓரத்தில் முன்னும் பின்னும் ஓடும். சில வேளை விர்ரென்று மேலே எழும்பித் தலையை இடித்துக் கொள்ளும்.

"பாவம் மாமா, விட்டு விடுங்களேன்" என்று ஒருநாள் கேட்டேன். மாமா சிரித்தார். "கம்பு போடுகிறேன், கறையான் தேடிக் கொண்டுவந்து போடுகிறேன். பூனை பயமில்லை, கீரி பயமில்லை. வெளியே இருந்திருந்தால் இந்நேரம் எதன் வாயிலோ போயிருக்கும் பாப்பா" என்றார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கவுதாரி, காடை, காட்டுக்கோழி, மயில் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் வீட்டுக் கோழியும் இவற்றின் உறவே. ஆங்கிலத்தில் ஃபெசன்ட் எனப்படும் வண்ணப் பறவைகளும் இக்குடும்பத்தினவே. சீன நாட்டுத் தங்க ஃபெசன்டின் படத்தைப் பார்த்தால், இறைவன் தம் வண்ணப்பெட்டி முழுவதையும் ஒரே பறவைக்குச் செலவிட்டாரோ என்று தோன்றும்! அந்த அழகே அவற்றுக்குப் பகையாயிற்று. செல்வந்தர் பலர் அவற்றை வாங்கிக் கூண்டில் அடைத்து மகிழ்கின்றனர். ஏழையின் திண்ணையில் கவுதாரி; பணக்காரர் தோட்டத்தில் ஃபெசன்ட். கூண்டின் விலைதான் வேறு, கம்பி ஒன்றே.

கவுதாரியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பழக்கிய கவுதாரியைக் கூண்டோடு புதரருகே வைத்துக் கூவ விடுவர். அக்குரலை நம்பி வரும் காட்டுக் கவுதாரிகள் கண்ணியில் சிக்கும். இதற்குப் 'பார்வை' வைத்தல் என்று பெயர். தன் இனத்தைத் தானே காட்டிக் கொடுக்குமாறு ஒரு பறவையைப் பழக்குவதைவிடக் கொடுமை வேறு உண்டோ? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியைப் பிடிப்பது குற்றம். பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வளர்ப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகளும் வந்துள்ளன.

அப்படியானால் கூண்டு என்பதே தீமையா? இவ்விடத்தில்தான் என் எண்ணம் சற்றே மாறியது.

நம் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா ஒருவரைப் பற்றிய பேச்சு இருக்கும். அந்த வியட்நாம் நாட்டின் நடுப்பகுதிக் காடுகளில் எட்வர்ட்ஸ் ஃபெசன்ட் என்னும் கருநீலப் பறவை வாழ்ந்தது. ரெனோ என்னும் பிரெஞ்சுக் குருவானவர் சேகரித்த பறவைகளைக் கொண்டு 1896-இல் அறிவியல் உலகம் அதை அறிந்தது. 1920-களில் ழான் தெலாக்கூர் என்ற பறவையியல் அறிஞர், உயிருள்ள பறவைகள் சிலவற்றைப் பிரான்சு நாட்டில் கிளேர் என்னும் ஊரில் இருந்த தம் தோட்டத்துக்குக் கொண்டு சென்று வளர்த்தார்.

பின்பு நடந்தது என்ன? வியட்நாமில் போர் வந்தது. காடுகள் மீது இலைகளை உதிர்க்கும் நஞ்சு தெளிக்கப்பட்டது. மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சிய காட்டில் வேட்டைக்காரரின் கண்ணிகள் நிறைந்தன. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் அப்பறவையைக் காட்டில் உறுதியாகக் கண்டவர் எவரும் இலர். இன்று அது கூண்டுகளில் மட்டுமே உயிர் வாழ்கிறது எனலாம். அன்று பிரான்சுக்குச் சென்ற சில பறவைகளின் சந்ததியே இன்று உள்ளவற்றில் பெரும்பாலானவை. வியட்நாமிலேயே இனப்பெருக்க நிலையம் அமைத்து, அவற்றை என்றாவது காட்டில் விட வேண்டும் என்று இப்போது முயல்கின்றனர்.

ஆகவே, கூண்டு ஓர் இனத்தைக் காத்தது உண்மை. அதற்காகக் கூண்டையே புகழ்ந்து விடலாமா? கூடாது! சில பறவைகளின் வழிவந்தவை என்பதால் அவற்றுள் நெருங்கிய உறவுக்கலப்பு மிகுந்தது. சில இடங்களில் வேற்றினக் கலப்பும் நேர்ந்தது. அதுமட்டுமன்று. கூண்டில் பிறந்த பறவைக்கு நரியைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்று கற்றுத் தருவார் யார்? இங்கிலாந்திலிருந்து சீர் ஃபெசன்டின் முட்டைகளைக் கொண்டுவந்து பொரிக்க வைத்து, பாகிஸ்தானின் மார்கல்லா மலையில் 1970, 80-களில் விட்டுப் பார்த்தனர். அவை அங்கே நிலைக்கவில்லை. ஆயினும் முயற்சி நிற்கவில்லை. நம் இமாசலப் பிரதேசத்தில் அதே இனத்தை வளர்த்து, 2019-இல் சிம்லாவுக்கு அருகே சேரி என்னுமிடத்தில் காட்டில் விட்டனர். ஓர் உயிரைக் கூண்டில் அடைப்பது ஒரு நாள் வேலை. அதைக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவதோ பல்லாண்டு உழைப்பு.

நோவாவின் பேழையை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஒருவகைக் கூண்டுதானே? ஆயினும் வெள்ளம் வடிந்ததும் அதன் கதவு திறந்தது. திறந்திராவிடில் அதைப் பேழை என்று போற்றுவோமா? சிறை என்றல்லவா சொல்வோம்!

எனவே, கூண்டில் பறவை வளர்க்கும் எவரிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பேன். இதைக் காட்டிலிருந்து பிடித்தீர்களா? இது யாருக்காக இங்கே இருக்கிறது, உங்கள் கண்ணுக்காகவா, தன் இனத்துக்காகவா? இக்கூண்டின் கதவை என்றாவது திறக்கும் எண்ணம் உண்டா?

மாமாவுக்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. மாமா! வெளியே கீரி உண்டு, பாம்பு உண்டு, மெய்தான். ஆனால், கவுதாரி இனம் அவற்றோடு போராடியே இத்தனை காலம் வாழ்ந்து வந்திருக்கிறது. அந்தப் புதரும் மேடும் இன்னும் இருக்கின்றன. அழைத்தால் பதில் சொல்லத் துணையும் இருக்கிறது. வியட்நாம் பறவைக்குத் திரும்பிப் போக இடமில்லை என்று அழுகிறார்கள். நம் பறவைக்கு இடம் இருந்தும் அனுப்ப மனமில்லையே!

கூண்டைச் சட்டென்று திறந்துவிடவும் நான் சொல்லவில்லை. மனிதர் கையில் தின்று பழகிய பறவை ஒரே நாளில் பலியாகிவிடும். வனத்துறையினரிடம் ஒப்படைத்தால், எப்போது, எங்கே விடுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த ஆண்டு மலர் என் கைக்கு வந்ததும், முதலில் மாமாவிடம்தான் வாசித்துக் காட்டப் போகிறேன். அவருக்குக் கோபம் வரலாம். வரட்டும். மறுநாள் விடியலில், புதரிலிருந்து வரும் குரலுக்குப் பதில் திண்ணையிலிருந்து எழாமல், புதரிலிருந்தே எழுமானால், அதுவே என் கட்டுரைக்குக் கிடைக்கும் முதற்பரிசு!